தரகுத் தொழிலும் அமானிதமும்

நாவினால் பிழைக்கும் தொழில்கள் உலகில் பல உண்டு. வக்கீல், ஆசிரியர், ஏலம் கூறுபவர் எல்லோரும் பேச்சையே முதலாகக் கொண்டவர்கள்தாம். ஆனால் இவர்களில் எவருக்கும் இல்லாத ஒரு நிலை தரகருக்கு உண்டு. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்க, இருவரையும் அறிந்தவர் அவர் ஒருவரே. நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். பணத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும். அந்த வியாபாரத்தில் அவருக்கென்று நிலமும் இல்லை, பணமும் இல்லை. தகவல் ஒன்றுதான் அவர் கையிலுள்ள சரக்கு. அந்தச் சரக்கை அவர் யாருக்கு, எவ்வளவு, எப்போது அளந்து கொடுக்க வேண்டும் என்பதையே இங்கு சிந்திக்க எடுத்துக்கொள்கிறோம்.

இது ஏட்டில் மட்டும் உள்ள பிரச்சினையல்ல. ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த நம் பாகலூரை எடுத்துக்கொள்வோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் இங்கே கடைத்தெருவில் கேட்கும். கேழ்வரகும் காய்கறியும் ரோஜாவும் விளையும் மண் இது. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபோதே இவ்வட்டாரத்தில் நிலத்தைப் பற்றிய பேச்சு மாறத் தொடங்கியது. பெங்களூரு நகரம் எல்லையை நோக்கிப் பெருகி வந்ததும் அந்தப் பேச்சு வேகம் பிடித்தது. 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. 27-6-2024 அன்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளத்தக்க பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டில் பேரிகை, பாகலூர் பக்கத்தின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு செய்திக்கும் ஒரு ஏக்கரின் விலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செய்தி முதலில் எட்டுவது தரகரின் காதுக்கு. கடைசியில் எட்டுவது ஏர் பிடித்தவரின் காதுக்கு. இந்த இரண்டு காதுகளுக்கும் இடையிலுள்ள சில நாட்களில்தான் பலருடைய வாழ்க்கை ஏறவோ இறங்கவோ செய்கிறது. நம் வாலிபர்கள் சிலரும் இத்தொழிலில் இருக்கிறார்கள். நம் குடும்பங்கள் பலவும் இவர்கள் மூலமாகவே மனை வாங்குகின்றன, விற்கின்றன. ஆகையால் இதன் ஹலாலையும் ஹராமையும் அறிந்து கொள்வது இரு தரப்பாருக்குமே அவசியம்.

சட்டம் கூறுவது என்ன?

நம் நாட்டில் பத்திரம் எழுதுபவருக்கு உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென 1982ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. வழக்காடுபவர் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். ஆனால் விலையைப் பேசி முடிப்பவருக்கு மட்டும் நெடுங்காலம் ஒரு சீட்டும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1917லேயே நிலத் தரகர்களுக்கு உரிமம் வேண்டும் எனச் சட்டம் செய்தது. நம் நாட்டில் அந்த நிலை 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தால்தான் வந்தது. மக்கள் இதை 'ரேரா' என்று அழைக்கிறார்கள். இதன் முக்கியமான பிரிவுகள் 1-5-2017 முதல் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடும் கர்நாடகமும் தத்தம் விதிகளை வெளியிட்டு, தத்தம் குழுமங்களை அமைத்தன.

இச்சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ, 8 வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ அமைத்து விற்பவர், அந்தத் திட்டத்தை முதலில் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதியப்பட்ட திட்டத்தில் மனையையோ வீட்டையோ விற்றுக் கொடுக்கும் தரகரும் தம் பெயரைப் பதிந்து எண் பெற வேண்டும். அவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிய வேண்டிய திட்டம் பதியப்படாதிருந்தால் அதை விற்றுக் கொடுக்கக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இல்லாத அனுமதியை இருப்பதாகவும், தராத வசதியைத் தருவதாகவும் கூறக் கூடாது. வாங்குபவர் கேட்கும் உரிமையுள்ள தஸ்தாவேஜுகள் அவருக்குக் கிடைக்கத் துணை செய்ய வேண்டும். இவற்றை மீறினால் மீறிய ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய், விற்கப்பட்ட சொத்தின் மதிப்பில் 5 சதவிகிதம் வரை அபராதம் உண்டு. ஏஜண்ட் என்றாலும், புரோக்கர் என்றாலும், இடையில் நின்றவர் என்றாலும், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் சட்டம் பிடிக்கும்.

எல்லையோர மக்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பதிவு ஒரு மாநிலத்துக்கு மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் பதிந்த தரகர், எல்லைக்கு அப்பால் சர்ஜாப்பூரிலோ மாலூரிலோ உள்ள திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்க வேண்டுமானால் கர்நாடகக் குழுமத்திலும் பதிய வேண்டும். அங்கு பதிந்தவருக்கு இங்கும் அதே விதிதான்.

ஆனால் இச்சட்டத்துக்கு ஒரு வேலி உண்டு. அது 'திட்டம்' என்று சொல்லப்படும் மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் பற்றியது. ஒரு விவசாயி தம் ஒரு ஏக்கரை மற்றொருவருக்கு விற்பதும், ஒரு விதவை தாம் குடியிருக்கும் பழைய வீட்டை விற்பதும் இதில் வராது. அந்த வியாபாரத்தை முடித்துக் கொடுப்பவரிடம் இச்சட்டம் பதிவு எண் கேட்பதில்லை. பாகலூர் சுற்று வட்டாரத்தில் கைமாறும் நிலத்தில் இப்படிப்பட்ட நிலமும் உண்டு என்பதை யாவரும் அறிவோம். சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கும் இந்த விவசாயிக்கும் விதவைக்கும் யார் காவல்? நம் கேள்வி இங்குதான் கூர்மையடைகிறது.

இரண்டு சாக்குகள்

இத்தொழிலில் உள்ள நம்மவர்களிடமிருந்து இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். ஒருவர், "நாம் அல்லாஹ்வுக்கு அஞ்சி நடக்கிறோம். ஐந்து வேளையும் தொழுகிறோம். நமக்கு எதற்கு அரசாங்கச் சீட்டு?" என்கிறார். மற்றொருவர், "சட்டம் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டோம். சட்டம் கேட்காததைப் பற்றி எவரும் நம்மைக் கேட்க முடியாது" என்கிறார். முன்னவர் மார்க்கத்தைக் காட்டிச் சட்டத்தைத் தள்ளுகிறார். பின்னவர் சட்டத்தைக் காட்டி மார்க்கத்தைத் தள்ளுகிறார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

முதல் சாக்கை எடுத்துக்கொள்வோம். உமர் (ரலி) அவர்கள், மார்க்க விளக்கம் இல்லாத எவரும் நமது கடைத்தெருவில் விற்க வேண்டாம் என்ற கருத்தில் ஆணையிட்டதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. சஹாபாக்கள் நிறைந்திருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே, கடைத்தெருவில் நுழைய ஒரு தகுதி வேண்டும், அந்தத் தகுதியை ஆள்வோர் கேட்கலாம் என்ற விதி இருந்தது. பிற்காலத்தில் முஸ்லிம் நாடுகளில் 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி அளவையையும் நிறுவையையும் மட்டுமல்லாமல், தரகர்களையும் கண்காணித்து வந்தார். ஆகவே தொழிலுக்குப் பதிவு கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம்.

இன்னொரு நபிமொழியையும் கவனிக்க வேண்டும். வைத்தியம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் வந்துள்ளது. அவருடைய நிய்யத் நல்லதாக இருந்ததா என்று அங்கே கேட்கப்படவில்லை. நல்ல எண்ணத்தோடு தவறான மருந்து கொடுத்தாலும் நோயாளி சாகத்தான் செய்வார். நல்ல எண்ணத்தோடு வில்லங்கம் பார்க்காமல் மனையைக் காட்டினாலும், வாங்கியவரின் பணம் போகத்தான் செய்யும்.

9-9-2016 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அனுமதியில்லாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும். 20-10-2016க்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017ல் அரசு விதிகள் செய்தது. அதற்கிடையில் தமிழகமெங்கும் எத்தனையோ குடும்பங்கள், கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் திகைத்து நின்றன. அந்த மனைகளைக் காட்டியவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். பலர் அறியாதவர்கள். ஆனால் அறியாமல் காட்டினார் என்பதனால் வாங்கியவரின் நஷ்டம் குறைந்து விடவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் தக்வாவை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. எதிரில் உட்கார்ந்திருக்கும் தெலுங்கு பேசும் விவசாயிக்கு நம் கல்பு தெரியாது. ஓமானிலோ சவூதியிலோ பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தை எண்ணி வைக்கும் சகோதரருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே: இவர் யார்? நாளை ஏதேனும் கோளாறு வந்தால் இவரை எங்கே தேடுவது? பதிவு எண் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது. ஏமாந்தவர் குழுமத்தில் முறையிட வழி திறக்கிறது. ஆகவே பதிவு என்பது நம் நேர்மையின் மீது அரசாங்கம் கொண்ட சந்தேகம் அல்ல. எதிரில் இருப்பவருக்கு நாம் கொடுக்க வேண்டிய ஹக்கு அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஈமான் கொண்டவர்களை விளித்துத்தான் அந்தக் கட்டளை வந்தது. ஈமான் இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று அங்கே விடப்படவில்லை.

சந்தைக்கு வெளியே நடந்த வியாபாரம்

இனி இரண்டாவது சாக்கு. சட்டம் கேட்காததை எவரும் கேட்க முடியாது என்பது.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் கூட்டத்தை, அது மதீனாவின் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்கிவிடும் வழக்கம் இருந்தது. சந்தை விலை இன்னதென்று அந்த வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியும். அளவையில் குறைவில்லை, பொய் சொல்லவில்லை, இருவரும் சம்மதித்தே வியாபாரம் நடந்தது. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின், வியாபாரத்தை வைத்துக்கொள்ளவோ முறிக்கவோ உரிமை பெறுகிறார் என்ற கருத்திலும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. இந்த முறிக்கும் உரிமை எந்த அளவுக்கு என்பதில் மத்ஹபுகளிடையே விரிவான பேச்சு உண்டு. அத்தகைய செயல் வெறுக்கத்தக்கது என்பதில் நமக்குத் தெளிவு இருக்கட்டும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். விமான நிலையம் எங்கே வரும், சாலை எங்கே போகும் என்ற சேதி ஒருவர் காதுக்கு எட்டுகிறது. அவர் அன்று மாலையே கிராமத்துக்குப் போகிறார். செய்தித்தாள் படிக்காத ஒரு முதியவரின் திண்ணையில் உட்காருகிறார். மகள் கல்யாணத்துக்காகவோ ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ அவர் நிலத்தை விற்க நினைத்திருப்பதை அறிகிறார். நேற்றைய விலைக்குப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுகிறார். 'திட்டம்' இல்லாததால் இதில் ரேரா சட்டம் குறுக்கிடவில்லை. ஆனால் இது சந்தையை அடையுமுன் வழிமறித்த வியாபாரம் அல்லாமல் வேறென்ன? அன்று ஒட்டகக் கூட்டத்தை எதிர்கொள்ள ஊருக்கு வெளியே நடந்தார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு எதிரான முன்மாதிரியும் நமக்கு உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஊழியர், அவர்களுக்காக ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, உரிமையாளரையும் உடன் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதைவிடப் பெறுமதியானது என்று கூறி, 400 தரட்டுமா, 500 தரட்டுமா என்று தாமே ஏற்றிக்கொண்டு போய் 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருப்பதை அதற்குக் காரணமாகக் கூறினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதை எடுத்துக் காட்டியுள்ளார்கள்.

ஜரீர் (ரலி) அவர்களின் உயரத்துக்கு எல்லோரும் ஏறிவிட முடியாது, அது இஹ்ஸான். ஆனால் மேலே ஏற முடியாதவர் கீழே எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதையாவது தெரிந்து கொள்ள வேண்டாமா?

தரகர் யாருடைய ஆள்?

தரகுக் கூலி ஹலாலா என்றால், ஹலால்தான். ஸஹீஹுல் புகாரியில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் உண்டு. இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி (ரஹ்) அங்கே எழுதியுள்ளார்கள். தரகர்களை மதீனாவில் 'ஸமாஸிரா' என்று அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடந்து சென்றபோது, அதைவிட அழகான 'வியாபாரிகள்' என்ற பெயரால் அழைத்தார்கள். கூடவே, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுகின்றன, ஆகையால் அதோடு தர்மத்தைக் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள் என கைஸ் இப்னு அபீகரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். நல்ல பெயரும் கிடைத்தது, எச்சரிக்கையும் கிடைத்தது.

ஆனால் கூலி ஹலால் ஆவதற்கு, அது கூலி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் மறைவாக நடக்கும் மூன்று வழக்கங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மேலே வைத்து விற்பது. உரிமையாளர் கேட்பது 40 லட்சம். வாங்குபவரிடம் சொல்வது 46 லட்சம். இடையிலுள்ள 6 லட்சம் இருவருக்கும் தெரியாமல் ஒதுக்கப்படுகிறது. அதற்குமேல் இருவரிடமும் கமிஷனும் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், இந்தத் துணியை விற்றுக் கொடு, இன்ன விலைக்கு மேல் வருவது உனக்கு என்று பேசிக்கொள்வதில் குற்றமில்லை என்று கூறியிருக்கிறார்களே எனச் சிலர் காட்டுவார்கள். கூலியின் அளவு தெரியாதிருப்பதால் ஃபகீஹுகள் பலர் அதையும் ஏற்கவில்லை. ஏற்றாலும்கூட, அங்கே அப்படிச் சொல்பவர் துணிக்குச் சொந்தக்காரரே! அவர் அறிந்து, மனம் ஒப்பிக் கொடுக்கிறார். இங்கே சொந்தக்காரருக்கு அப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாது. தெரிந்து கொடுத்ததும் தெரியாமல் எடுத்ததும் ஒன்றாகுமா?

இரண்டாவது, தரகராக வந்து வாங்குபவராக மாறுவது. விற்றுத் தருவதாகச் சொல்லி வந்தவர், சிறு தொகை கொடுத்துத் தம் பெயரிலேயே அக்ரிமெண்ட் போட்டு, பவரும் வாங்கி, மூன்றாம் ஆளுக்குப் பெரும் விலைக்கு விற்கிறார். ஒருவர் நிலத்தை வாங்கி விற்பது ஹலாலான வியாபாரமே. ஆனால் அப்போது அவர் வாங்குபவர், தரகர் அல்லர். அதை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வகீல் என்பவர் அமானிதம் பெற்றவர். அமானிதமாக ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்தவருக்குத் தெரியாமல் தாமே விலை பேசிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, இருபுறமும் கமிஷன். இருவரிடமும் கூலி வாங்குவது எல்லோரும் அறிந்த வழக்கம். அறிந்த வழக்கமாக இருப்பதால் அதில் மறைவு இல்லை. ஆனால் இருவரிடமும் கூலி வாங்குபவர் ஒருவரின் ஆளாக நின்று மற்றவரைச் சாய்க்க முடியாது. விற்பவரின் ரகசியத்தை வாங்குபவரிடமும், வாங்குபவரின் அவசரத்தை விற்பவரிடமும் விற்றுப் பிழைப்பவருக்கு, இருவரில் எவருக்கும் உண்மையாக நிற்க வழியில்லை.

"எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த வியாபாரம் முடியும்?" என்று இங்கே ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நாம் கூறும் பதில் இது: சொல்லாமல் விடக்கூடியது வேறு, மறைக்கக் கூடாதது வேறு. வாங்குபவர் இன்னும் இரண்டு லட்சம் ஏறக்கூடியவர் என்பது அவருடைய மனத்திலுள்ள ரகசியம். அதை விற்பவரிடம் வெளியிடத் தரகர் கடமைப்பட்டவர் அல்லர். விற்பவரின் குடும்பக் கஷ்டமும் அப்படியே. ஆனால் நிலத்தைப் பற்றிய குறையும், உரிமையைப் பற்றிய வில்லங்கமும், தம் கூலியின் அளவும் எவருடைய ரகசியமும் அல்ல. கிணறு பொதுவா, பாதை உண்டா, ஏரிப் புறம்போக்கு உள்ளே வருகிறதா, மனைக்கு நகர் ஊரமைப்பு அனுமதி உண்டா என்பனவற்றை அறிந்தும் மறைத்தால் அது ஏமாற்றுதான். ஊரிலெல்லாம் பேசப்படும் விலையை, நம்பிக் கேட்பவரிடம் குறைத்துச் சொல்வதும் அப்படியே. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அதில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் கூறினால் பரக்கத் அழிக்கப்படுகிறது என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் ஒரு வில்லங்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். தகப்பனார் மவுத்தானபின் ஆண்மக்கள் மட்டும் சேர்ந்து நிலத்தை விற்கிறார்கள். சகோதரிகளின் பங்கு கொடுக்கப்படவில்லை. அல்லது வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிவிட்டார்கள். இதைத் தரகர் அறிவார். ஊரில் முதலில் அறிபவரே அவர்தான். சட்டம் அவரிடம் இதைக் கேட்காமல் போகலாம். ஆனால் அன்னிஸா அத்தியாயம் பெண்களுக்குப் பங்கு விதித்திருக்க, அந்தப் பங்கை விழுங்கும் வியாபாரத்தை முடித்துக் கொடுத்து வாங்கும் கமிஷன் எப்படி ஹலாலாகும்? அந்த இடத்தில் தரகர் சொல்லும் ஒரு வார்த்தை, "அக்காவின் பங்கைக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசி முடிக்கலாம்" என்ற ஒரே வார்த்தை, ஒரு பெண்ணின் ஹக்கைக் காப்பாற்றிவிடும்.

மதிப்பிடுபவரின் சோதனை

தரகருக்கு அடுத்தபடி மதிப்பீட்டாளர். வங்கியில் கடன் கேட்கும்போதும், பங்கு பிரிக்கும்போதும், வழக்கிலும் சொத்துக்கு இன்ன மதிப்பு என்று எழுதிக் கொடுப்பவர் அவர். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 247ஆம் பிரிவின்படியும், 2017ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்ற நிலை ஏற்பட்டது. நிலமும் கட்டடமும் அதில் ஒரு தனிப் பிரிவு. அவர்களுக்கான நடத்தை விதிகளில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. காரியம் முடிந்தால் கூலி என்று பேசக் கூடாது. கேட்பவரின் வசதிக்கேற்ற மதிப்பை எழுதிக் கொடுக்க முன்வரக் கூடாது. காரணம் எளிது. பெரிய தொகை எழுதினால் பெரிய கூலி என்றால் கை தானாகவே பெரிய தொகையை எழுதும். அமெரிக்காவில் 1980களில் சேமிப்பு வங்கிகள் நூற்றுக்கணக்கில் முறிந்தன. ஊதிப் பெருக்கிய நில மதிப்பீடுகளும் அதற்கு ஒரு காரணமாயின. அதன்பின் 1989ல் செய்த சட்டத்தால்தான் அங்கு மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமம் பரவலாயிற்று.

இந்தச் சோதனைக்கு நம் சரித்திரத்தில் ஒரு விளக்கு உண்டு. கைபரின் பேரீச்சந் தோட்டங்களில் விளைச்சலை மதிப்பிட்டுப் பங்கைக் குறிக்க நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பி வந்தார்கள். தோட்டத்தை உழுத யூதர்கள் தம் பெண்களின் நகைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து, இது உமக்கு, மதிப்பில் கொஞ்சம் தளர்த்திவிடும் என்றார்கள். அவர்கள் மீது தமக்குப் பிரியம் இல்லை என்பதை இப்னு ரவாஹா (ரலி) மறைக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு தம்மை அவர்களுக்கு அநீதி செய்ய வைக்காது என்று சொன்னார்கள். கொடுக்க வந்தது ஹராமான லஞ்சம், அதை உண்ண மாட்டோம் என்றும் சொன்னார்கள். வானமும் பூமியும் நிற்பது இதனால்தான் என்று அந்த யூதர்களே சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கிரந்தத்தில் காண்கிறோம்.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. அங்கே எதிரில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். மதிப்பீடு செய்தவரிடம் எவரும் பதிவு எண் கேட்கவில்லை. ஆனால் அவர் தம் தரப்புக்கு ஏற்றி எழுதவும் இல்லை, லஞ்சத்துக்கு இறக்கி எழுதவும் இல்லை. நம் பாகலூரில் நிலம் விற்பவர் எந்தச் சமூகத்தவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய உண்மையின் அளவு குறையாது. நம்மவருக்கு ஒரு படி, பிறருக்கு ஒரு படி என்று வைத்தால் அது முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் கண்டித்த அளவை மோசடியேயாகும்.

முடிவாக நாம் கூறுவது

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி ஒரு பெண்மணி தம் தந்தையிடம் கூறுகிறார். அப்போது அவர் வலிமை, நம்பகம் ஆகிய இரண்டு குணங்களைச் சொல்கிறார். தொழிலுக்கு இரண்டும் வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தில் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என 2023ல் ஆணை பிறந்தது. இதுபோன்ற விதிகள் முதல் குணத்தைச் சோதிக்கலாம். பதிவேடு ஒருவரின் பெயரையும் முகவரியையும் காட்டலாம், அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்த முதியவரின் திண்ணையில், சாட்சி இல்லாத நேரத்தில், "ஐயா, ஒரு வாரம் பொறுங்கள், விலையை விசாரித்துவிட்டுக் கொடுங்கள்" என்று தரகரைச் சொல்ல வைக்கும் குணத்தை எந்தச் சீட்டும் தராது. அது அல்லாஹ் பார்க்கிறான் என்ற அச்சத்தால் மட்டுமே வரும். ஆகவே சீட்டைப் பெறுவது எதிரில் இருப்பவரின் ஹக்கு. சீட்டு எட்டாத இடத்தில் உண்மை பேசுவதும் அவருடைய ஹக்குதான். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

நம் இல்லங்களில் உள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள். மனை வாங்கும்போது, தரகரின் பதிவு எண்ணையும் திட்டத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. பதிவு பெற்றவர்களின் பட்டியலைக் குழுமமே வெளியிட்டு வைத்திருக்கிறது. எல்லை ஓரத்தில் வாங்குவதானால் அந்தச் சர்வே எண் எந்த மாநிலத்தில் வருகிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் தரகரின் கையிலிருந்து மட்டும் வாங்கிப் பார்க்காதீர்கள். நீங்களே மனுச் செய்து பெறுங்கள். கமிஷன் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர்களாக இருந்தால், இரண்டு பேரிடமாவது விலை விசாரிக்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள பெண்களையும் இந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். பல வீடுகளில் மனை வாங்க விற்றது அவர்களுடைய நகையாக இருக்கும்.

ஜமாஅத்தார்களும் ஒன்று செய்யலாம். ஜும்ஆவுக்கு வரும் நம் தரகர் சகோதரர்களை ஒரு நாள் அமர்த்தி, மார்க்கச் சட்டம் அறிந்த ஆலிம் ஒருவரையும், பதிவுச் சட்டம் அறிந்த வக்கீல் ஒருவரையும் கொண்டு இரண்டையும் சேர்த்து விளக்கலாம். உமர் (ரலி) அவர்கள் கேட்ட தகுதியை நாமே நமக்குள் உண்டாக்கிக்கொள்வதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

நிலம் அங்கேயே கிடக்கும். அதன் மீது வாங்கியவரும் விற்றவரும் இடையில் நின்று பேசியவரும் ஒருநாள் போய்விடுவார்கள். அன்று ஒவ்வொருவரும் தம் பங்கு வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். வல்ல அல்லாஹ் நம் நாவுகளில் உண்மையையும், நம் வருமானத்தில் பரக்கத்தையும், நம்மை நம்பியவரை ஏமாற்றாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.